பூசை நேரத்து வாக்கு

யாரும் திருத்தக்கூடிய இலவசக் கடற்காற்றுச் செயலி அது. எழுதுகிறவர்களும் பாவிக்கிறவர்களும் இனி ஒரே சபை என்று அதை எழுதும் றெனால்ட் அறிவித்தபின், தாழ்வுபாட்டில் கருவாடு போடும் மாக்கிறட் பாவனையாளர் சார்பில் கூட்டத்துக்குப் போனாள்.

"சோழகம், வாடை எண்ட காத்துப் பேருகளை அழிச்சுப்போட்டு ஏன் வெறும் இலக்கம் போட்டனீங்கள்?"

"சபை வாக்கெடுத்ததுதானே அக்கா. ஞாயிறு காலமை ஏழிலயிருந்து எட்டு மட்டும். பதில் போடாதவையைச் சம்மதமெண்டு எடுத்தனாங்கள்," என்றான் றெனால்ட்.

அந்த நேரம் ஊரே பூசையில் இருந்தது.

றெனால்டும் அன்று கோயிலில்தான் இருந்தான். முன்வாங்கில், கைகளை மடியில் வைத்து, தலைகுனிந்து. செபிக்கிறான் என்று மாக்கிறட் நினைத்திருந்தாள். போனில் வாக்கு எண்ணியிருக்கிறான்.