கில்ஜாவின் கோணல் கோடுகள்

பியோ கில்ஜாவின் கண்ணில் கோடு வளைந்தால் எங்கள் மோக்போ ஊரில் சுவர் வளையும். முதலில் வளைந்தவை, அவளும் கணவர் ஓக் சான்சுவும் நடத்திய ஆட்டக்கூடத்தில், கறுப்பு வெள்ளைக் காய்கள் வைத்து ஆடும் பாதுக் பலகையின் கோடுகள். பலகை விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மறுநாள் எதிரே கருவாட்டுக் கடைச் சுவரும் அதே மாதிரி புடைத்து நின்றபோது, விற்றவன் மேல் தப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு கண்ணிலும் விழித்திரைக்கு அடியில் நீர் கசிகிறது என்றார் டாக்டர். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, மேலே பார்க்கச் சொல்லி, வெள்ளை விழியில் ஊசி போட்டார். கோடுகள் நேராயின; சுவரும் உள்ளே போனது. கசிவு திரும்பத் திரும்ப வரும், ஊசி மாதாமாதம் வேண்டும் என்றார். அன்றிலிருந்து அவளுடைய ஊசித் தேதி ஊர்ப்பொது விஷயமாகிவிட்டது.

“அக்கா, தேதியத் தள்ளிப் போட்டுடாதீங்க. எங்க மாடிப்படி இப்பவே ஒரு மாதிரி நிக்குது” என்பார் கருவாட்டுக் கடைக்காரர்.

“உன் மாடிப்படிக்காக நான் கண்ணுல குத்திக்கணுமா? நல்லா இருக்கே கதை.”

குத்திக்கொண்டுதான் வந்தாள். ஆனால் ஒரு வருஷம் ஊசித் தேதி, குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் வாரத்தில் விழுந்தது. ஊசி போட்ட கண்ணோடு மிளகாய்த் தூள் பக்கம் போகக்கூடாது. தெருப் பெண்கள் முட்டைக்கோசை உப்பில் ஊறவைத்துக் காத்திருக்கும்போது தான் மட்டும் போகாவிட்டால் வருஷம் முழுக்கப் பேசுவார்களே என்று தேதியைத் தள்ளிப் போட்டாள். சுவரெல்லாம் நேராகத்தானே நிற்கிறது என்று ஊரும் வாயைத் திறக்கவில்லை. கிம்ச்சி எங்களுக்கு அவ்வளவு முக்கியம்.

இந்த முறை எதுவும் வளையவில்லை. பலகையின் நடுப்புள்ளி காணாமல் போனது. பிறகு அவள் நேராகப் பார்த்த கெண்டி போனது, பூனை போனது. உள்ளே ரத்தம் கசிந்து நடுவில் தழும்பாகிவிட்டது, இனி ஊசி மிச்சப் பார்வையைக் காக்கும், போனதைத் தராது என்றார் டாக்டர், அவள் முதுகுக்குப் பின்னால் நின்றபடி. அதன் பிறகு யாரும் அவள் எதிரே வரவில்லை. சான்சு மட்டும் மாலைதோறும் எதிரே உட்கார்ந்து காய் வைத்தார். அவள் சுவரைப் பார்த்தே ஆடினாள்.

“இத்தனை வருஷமா எதிர்ல உக்கார்ந்திருக்கேன். ஒரு தடவை மூஞ்சியப் பாரேன்.”

“வேணாம். எனக்கு நீங்க வேணும்.”

ஒரு மாலை சான்சு ஜெயித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது. அவள் அலறவில்லை, மெதுவாக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஓரக்கண்ணில் சான்சு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது சான்சுவிடம் பேச வேண்டுமென்றால் ஊரில் எல்லோரும் பக்கத்துச் சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறோம்; நேராகப் பார்த்தால் எங்களுக்கும் நாற்காலி காலிதான். பழகிவிட்டது. கில்ஜா ஒரு மாத ஊசியும் தவறவிடுவதில்லை. அவர் மிச்சமிருப்பது அந்த ஓரத்தில்தான்.