முதல் குழந்தையின் வளைகாப்பு

காலையில் குளியலறையில் ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. மேடைதான் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னை அதில் உட்காரவைத்து ஊர் பார்க்க வளைகாப்பு நடத்தப் போகிறார்கள்.

காஞ்சிபுரத்தில் டாக்டர் கலியாணசுந்தரம் சோதனைக் குழாயில் உண்டாக்கிய முதல் குழந்தை நான். பெயர் அபி. நடக்கப் பழகியதிலிருந்தே அந்த ஆஸ்பத்திரியின் சொத்து. பிள்ளை இல்லாதவள் மடியில் ஒரு குழந்தையை உட்காரவைத்தால் அவளுக்கும் பிறக்கும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். டாக்டர் அதை அப்படியே ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆனால் அம்மா தறியை விட்டு எழுந்து, எனக்குப் பவுடர் அப்பி, அங்கே கூட்டிப் போவாள். சிகிச்சைக்கு வந்த பெண்கள் என்னை மடி மாற்றி மடி வாங்குவார்கள். வேர்த்த கை, வெற்றிலை வாய், கன்னமெல்லாம் எச்சில். எனக்குக் குமட்டும். அழுதால், "குழந்தை சிணுங்குது, நல்ல சகுனம்" என்பார் டாக்டர். இன்றைக்கும் யாராவது என் கன்னத்தைத் தொட்டால் உடனே துடைத்துக்கொள்கிறேன். கட்டின புருஷன் ஜெயக்குமாருக்கும் அதே மரியாதைதான்.

கல்யாணமாகிப் பல வருஷம் எனக்கே பிள்ளை இல்லை என்றதும் டாக்டரின் மகனுக்கு வாயெல்லாம் பல். ஊரில் அவருக்குச் சின்ன டாக்டர் என்று பெயர். நான் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை.

"உன்னியே குடுத்த எடத்த உட்டுட்டு எங்கமா போறது?"

சின்ன டாக்டர் புதுக் கட்டடம் கட்டியிருந்தார். எந்தக் கரு தங்கும், எது தங்காது என்று படத்தைப் பார்த்தே சொல்லும் கம்ப்யூட்டர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். அது தேர்ந்தெடுத்த கருவைத்தான் எனக்குள் வைத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்ததும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பேனர் அடித்துவிட்டார்கள்: 'முதல் குழந்தைக்குக் குழந்தை!' வளைகாப்பு எங்கள் வீடுகளில் ஏழாம் மாதம் செய்வது. கட்டடத் திறப்பு விழா முந்திக்கொண்டதால் எனக்கு இரண்டாம் மாதமே வந்துவிட்டது.

காலையில் ரத்தம் பட்டதைச் சொன்னதும், விழாவுக்கு முன்னால் சின்ன டாக்டரே ஸ்கேன் செய்தார். நீண்ட நேரம் திரையையே பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றினார்.

"கலைஞ்சிடுச்சிமா. மனச உட்டுடாத. ஆனா ஃபங்ஷன் மட்டும் முடியட்டும், சாயங்காலமா சொல்லிக்கலாம். எத்தினி லேடீஸ் நம்பிக்கையோட வெளிய உக்காந்துகினு இருக்காங்க, பாத்தியா?"

சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். இவருக்கு என் வயிறு ஒரு விளம்பரப் பலகை, அவ்வளவுதான். அந்தக் கையைக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவள் என் புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

"பேசாம வா" என்றாள்.

மேடையில் பெரிய திரை. அதில் என் கருவின் படம், சோப்பு நுரை மாதிரி, ஆள் உயரத்துக்கு. கீழே ஒரு பெண்மணி அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் உடம்பை விட்டுப் போய்விட்டதை ஊரே கும்பிட்டுக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் சால்வையோடு நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். "முதல் முயற்சியிலேயே அபியைத் தந்தவர்" என்று மைக்கில் புகழ்ந்தார்கள். அம்மாவுக்கு முன்வரிசையில் மாலை மரியாதை.

எனக்கு இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கி, சந்தனத்தைக் கழுத்துவரை அப்பினார்கள். பிறகு வரிசை தொடங்கியது. கர்ப்பிணி கையால் வளையல் போட்டுக்கொண்டால் பலிக்குமாம். வந்தவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டேன். ஒவ்வொருத்தியும் என் வயிற்றைத் தடவிவிட்டுப் போனாள். அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பட்டுப்புடவைக்குள் கசிந்துகொண்டே இருந்தது. என் உடம்பே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது பர்தா போட்ட ஒரு பெண்ணை அவள் மாமியார் முன்னால் தள்ளினாள்.

"அம்பரீன், நல்லா தொட்டுக்கமா."

அந்தப் பெண் என் வயிற்றின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினாள். உதடு முணுமுணுத்தது. அந்தக் கைக்கு என்னால் வளையல் போட முடியவில்லை. பக்கத்தில் நின்றவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"என் வயித்துல ஒண்ணும் இல்ல. கலைஞ்சிடுச்சி. டாக்டருக்குத் தெரியும். தெரிஞ்சிதான் என்ன உக்கார வெச்சிருக்காரு."

சின்ன டாக்டர் கையைக் காட்ட, நாயனம் உச்சத்தில் கிளம்பியது. மைக் செத்தது. கூட்டத்துக்குக் கோபம் வந்தது, ஆனால் டாக்டர் மேல் இல்லை. என்னிடம் வளையல் போட்டுக்கொண்டவர்கள் அவசர அவசரமாகக் கழற்ற ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குக் கழலவில்லை. நாற்காலியில் அடித்து உடைத்தாள்.

"வெறும் வயித்த வெச்சிக்கினு என் கையில போட்டுட்டாளே, பாவி!"

மாமியார் அம்பரீனின் தோளைப் பிடித்து இழுத்தாள். அம்பரீன் நகரவில்லை.

"எனக்கும் இப்பிடித்தான் போச்சிக்கா, ஒவ்வொரு தபாவும். இங்க வர எல்லாருக்கும் நிக்குது, எனக்கு மட்டுந்தான் நிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே மேடை விளிம்புக்குப் போய்க் கத்தினேன்.

"கலைஞ்சவங்க யாரு யாரு? கை தூக்குங்க!"

நாயனக்காரர் தானாகவே வாசிப்பதை நிறுத்தினார். ஒருத்தரும் கை தூக்கவில்லை. சின்ன டாக்டர் சிரித்துக்கொண்டே என்னை நோக்கி வந்தார்.

முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. அம்மா.

"உனக்கு முன்னால எனக்கு ரெண்டு கலைஞ்சிச்சி" என்றாள். என்னைப் பார்க்கவில்லை, பெரிய டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "வெளிய சொல்லாதன்னாரு. உங்கப்பாகிட்டகூட நான் சொல்லல."