கடைசி வரிசைக்கு வந்த வாசனை

“வாசன வந்தா மட்டும் கையத் தூக்கணும். பக்கத்துல இருக்கறவன் தூக்கறான்னு தூக்கக்கூடாது.”

“வர்ற மாதிரி இருந்தா, டீச்சர்?”

“உன் மூக்கக் கழட்டி மேசமேல வச்சிடுவேன்.”

வகுப்பு சிரித்தது. வேதியியல் ஆசிரியை அத்தர் சீசாவின் மூடியைத் திறந்து, ஒரு தாளால் மெல்ல விசிறினாள். நிறை கொண்டு இடத்தை அடைத்துக்கொள்கிற எல்லாமே பருப்பொருள் என்றும், அது திண்மம், திரவம், வாயு எனப் பிரியும் என்றும் பலகையில் எழுதிவிடலாம். வாயுத் துகள்கள் அறை முழுக்க அலைகின்றன என்பதைப் பிள்ளைகள் தங்கள் மூக்கால்தான் நம்ப வேண்டும்.

அவளுடைய மூக்கு போன வருடக் காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்டபிறகும் எந்த வாசனையும் திரும்பவில்லை. பள்ளியில் யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. முகர முடியாதவளை ஆய்வகத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆய்வகம் போனால் வேலையும் போயிற்று.

முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. பிறகு அதன் பின்னால் இரண்டு, அப்புறம் நடுவரிசை. அந்தக் கைகள் வழியாகத்தான் அவளுக்கு இப்போது வாசனை என்ற ஒன்று இருந்தது. அது நகர்ந்துபோவதைக் கண்ணால் ஆசையோடு பின்தொடர்ந்தாள். கடைசி பெஞ்சில் ஓர் ஒல்லிப் பெண் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

“உன்கிட்ட வர அதுக்கு வழி தெரியலையா?”

“ஒண்ணும் வரல டீச்சர்.”

“நல்லா இழு. இத்தன பேருக்கு வருது, உன் கவனம் எங்க இருக்கு?”

அந்தப் பெண் இழுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். அவள் கை காதளவுக்கு எழுந்து நின்றது. ஆசிரியை திருப்தியோடு திரும்பி, பலகையில் துகள்களை வட்ட வட்டமாக வரைந்தாள்.

மணியடித்துப் பிள்ளைகள் போனபிறகு உயிரியல் ஆசிரியை அவசரமாக வந்தாள்.

“அக்கா, திட்டாதீங்க. அத்தர காலையில நான் காலி பண்ணிட்டேன். சீசாவ வாசன போகக் கழுவித் தண்ணி ஊத்தி வச்சேன், சொல்ல மறந்துட்டேன். பாடத்துக்கு என்ன பண்ணீங்க?”

கேட்டுக்கொண்டே பலகையைப் பார்த்தாள். சீசாவை எடுத்து முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

“போன வாரம் கேஸ் கசிஞ்சப்ப பக்கத்துலயே உக்காந்து பேப்பர் திருத்திட்டு இருந்தீங்க. நான்தான் ஓடி வந்து மூடினேன். சளின்னு சொன்னீங்க.”

“ம்.”

“சளிதானா அக்கா?”

ஆசிரியை காலி பெஞ்சுகளைப் பார்த்தாள். டீச்சர் மனம் கோணக்கூடாதென்று, வராத வாசனையை வகுப்பே வரவழைத்துக் கொடுத்திருக்கிறது. உள்ளதைச் சொன்னவள் ஒருத்தி. அவளையும் அதட்டிக் கூட்டத்தில் சேர்த்தாயிற்று.

“பிள்ளைங்க புழங்கற இடம், அக்கா.” குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலாம்.

“தெரியும்.”

இளையவள் சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு முதல் தூறல் விழுந்தது. மண் மணத்திருக்க வேண்டும். ஆசிரியை அந்த முதுகைப் பார்த்துக் கேட்டாள்:

“நாளைக்குப் பெரிய வகுப்புக்கு பர்னர் பத்தவைக்கணும். அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ வந்து மோந்து பாத்துட்டுப் போறியா?”