ராஜமாணிக்கத்தின் கல்லுக்கு டிரையல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ராஜமாணிக்கத்தின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல், இதோ, என் மேசைமேல் காகிதம் பறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் கை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுக் கோடை. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் ஆலை ஒன்றில் ராஜமாணிக்கம் ஃபிட்டர். ஒருநாள் காலை நாஷ்டாவின்போது, பாதி இட்லி வாயில் இருக்கும்போதே விலாவைப் பிடித்துக்கொண்டு அலறினார் பாருங்கள், ஆலைச் சங்கு என்று நினைத்து முதல் ஷிப்டு ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். பொன்னேரியில் ரயில் வருகிறதென்று கேட்டை மூடிவிட்டார்கள்.

மனைவி மேரி அவரைச் சென்னைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே சிறுநீரக டாக்டர் ஜுவைரியா பழவேற்காட்டுக்காரர், பொறுமைசாலி.

"பெரிய கல்லு. வயித்தைக் கிழிக்க வேண்டாம். முதுகுல சின்னதா ஒரு துளை போட்டு, குழாய் விட்டு, உள்ளயே உடைச்சு எடுத்துடலாம்."

"எத்த வெச்சு மேடம் ஒடைப்பீங்க?"

"காத்தழுத்தத்துல தட்டி உடைக்கிற கருவி இருக்கு. அதிர்வுல அரைச்சு உறிஞ்சுற கருவி இருக்கு. லேசரும் இருக்கு. எதுன்னு உங்க கல்லைப் பார்த்து நான் முடிவு பண்றேன். இந்த வாரமே வந்துடுங்க. கல்லு வழியை அடைச்சுக்கிட்டிருக்கு, தள்ளிப்போட்டா கிட்னியே போயிடும்."

"மூணையும் ஒரு டிரையல் ஓட்டிக் காட்டுவீங்களா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆலை வழக்கம் அது. எந்தக் கருவியானாலும், விற்க வந்தவர் ஆலை இரும்பில் ஓட்டிக் காட்டினால்தான் ஃபிட்டர்கள் தலையாட்டுவார்கள். டிரையல் பார்க்காமல் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாத மனிதர், முதுகைக் கொடுப்பாரா?

டாக்டர் மறுத்ததும் டிரையல் ஆலைக்கு வந்தது. கல்லுக்குப் பதில், உலையில் கல்லாக இறுகிப்போன கசடு. காற்றுச் சுத்தியல் ஓட்டும் பச்சையப்பன் முதலில் நின்றார்.

"தட்றதுதான் நைனா கரெக்டு. ஒரே அடி!"

அடித்தார். கசடு உடையவில்லை, கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்து, ஊத்துக்கோட்டைப் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் போய் விழுந்தது. நடத்துனர் அதற்கும் டிக்கெட் கிழித்தார்.

"முதுகு இன்னாத்துக்கு ஆவும்? அரைக்கணும் மாமா, அரைக்கணும்," என்றான் அதிர்வுச் சல்லடை ஓட்டும் ஜெரால்ட். கசட்டைச் சல்லடையில் போட்டு அன்று முழுக்க ஆட்டினான். கசடு அப்படியே இருந்தது, சல்லடைதான் தேய்ந்தது. லேசர் கிடைக்காத குறைக்குக் கேஸ் கட்டரைக் காட்டினார்கள். அதைப் பார்த்ததும் ராஜமாணிக்கம் சட்டையை முதுகோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆலை இரண்டு கட்சியாயிற்று. பச்சையப்பனும் ஜெரால்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். டாக்டர் சொன்ன வாரம் போயிற்று. மாதமும் போயிற்று.

பிறகு ஒருநாள் குளிர்ஜுரம். பட்டறை வெக்கையிலும் ராஜமாணிக்கத்துக்குப் பல் தந்தியடித்தது. கண் மேலே செருகியது. அந்த நிமிடம் இரண்டு கட்சியும் கலைந்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கி வண்டியில் போட்டார்கள். மேரி வழியெல்லாம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மூச்சு ஜெபமும் ஒரு மூச்சுத் திட்டுமாக வந்தாள்.

முதலில் முதுகு வழியே குழாய் போட்டு, கிட்னியில் கட்டிய சீழை வடித்தார் டாக்டர் ஜுவைரியா. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னியும் இல்லை, நீங்களும் இல்லை," என்றார். ஜுரம் இறங்கிய பிறகே கல்லுக்கு நாள் குறித்தார்.

"எந்தக் கருவின்னு மட்டும் சொல்லிடுங்க மேடம்," என்றார் ராஜமாணிக்கம், ஈனஸ்வரத்தில்.

"பெருசாவும் கெட்டியாவும் இருக்கு. தட்டுறதும் அரைச்சு உறிஞ்சுறதும் சேர்ந்த ஒரே கருவி இருக்கு, அதுதான். சின்னக் கல்லா இருந்திருந்தா லேசர்."

கதவருகே நின்ற பச்சையப்பனும் ஜெரால்டும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கருவியை ஓட்டியபோது அத்திப்பட்டு வரைக்கும் விளக்கு மங்கியது என்பதை நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

கண் விழித்த கணவனுக்கு மேரி தண்ணீரை ஊட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஏன்யா, கம்பிய உருட்டுற ரோலுக்கு ஊத்துற தண்ணி நின்னுபோனா இன்னா பண்ணுவ?"

"மில்லையே நிறுத்திருவேன். இல்லாங்காட்டி ரோலு வெடிச்சிரும்."

"இரும்புக்கு அவ்ளோ பாக்குற. கக்கூஸு தூரமா கேட்டாண்ட கீது, எவன் போவான்னு நாள் பூரா தண்ணி குடிக்காம வாயக் கட்டிக்கினு கெடந்தியே, உன் ஒடம்புக்கு எவன் தண்ணி ஊத்துவான்? நீ போய்ட்டா நான் எந்த மிஷினுக்கு டிரையல் பாக்கட்டும்?"

ராஜமாணிக்கம் சொம்பை வாங்கி, மிச்சத்தையும் அவரே குடித்து முடித்தார். கண்ணிலிருந்து கொஞ்சம் வழிந்தது. அதையும் கணக்கில் சேர்த்தால் நல்ல நீரோட்டம்தான்.

வேலைக்குத் திரும்பியதும் ரோலுக்குப் பக்கத்திலேயே குடிநீர்ப் பானை வைக்கச் செய்தார். பட்டறையை ஒட்டி ஒரு கழிவறை கட்டும்வரை மேனேஜரை நிழல்போலத் தொடர்ந்தார். புதிதாக யாராவது விலாவைப் பிடித்தால் போதும், கூப்பிட்டுச் சொல்வார்:

"தபாரு, கருவி எதுன்றது டாக்டர் வேலை. தண்ணி குடிக்கிறதும், ஒண்ணுக்கு வந்தா அடக்காம போறதும், டாக்டர் சொன்ன நாள்ல போய்ப் படுக்குறதும் நம்ம வேலை. நம்ம வேலைய வுட்டுட்டு அவங்க வேலைய பாத்தா, உசுருதான் டிரையலுக்குப் போவும்."

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் கருவி ராஜமாணிக்கத்தின் கல் முழுவதையும் மாவாக அரைத்து உறிஞ்சி எடுத்துவிட்டது. கடுகளவு துணுக்குகூட மிஞ்சவில்லை. என் மேசைமேல் இருப்பது எது என்று மட்டும் கேட்காதீர்கள்.