தீர்ப்புக்குக் காத்திருந்த பிள்ளை

கெசியாவின் வயிற்றில் இருந்த பிள்ளை ஆறாவது வருஷமும் பிறக்கவில்லை. மேரிலாந்தில் அந்த வருஷம் புகையிலை நன்றாக விளைந்தது. பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதென்று மருத்துவச்சி சூக்கி சொன்னாள். பனிக்காலத்தில் அது உள்ளே இருமுவதைப் பக்கத்துக் குடிசைக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். காரணம் ஊரறிந்தது. கெசியாவின் தாய் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த ஐரிஷ்காரி, யாருக்கும் அடிமையல்ல. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே என்பது அங்கே சட்டம். அதைப் பிடித்துக்கொண்டு, தன்னை அடிமையாக வைத்திருந்த கர்னல் பிங்லியின் மேல், விடுவிக்கச் சொல்லி கெசியா வழக்குப் போட்டிருந்தாள். எந்தப் படைக்குக் கர்னல் என்று அவரை யாரும் கேட்டதில்லை. வழக்கு முடியும்வரை கெசியாவை விற்கக்கூடாதென்று நீதிமன்றம் தடை போட்டது. தடையில் அவள் பெயர் மட்டுமே இருந்தது. பிள்ளை வெளியே வந்துவிட்டால் அது மனுப்போடாத தனி ஆள். கர்னல் அதை ஜார்ஜியா அடிமை வியாபாரிக்குப் பேசி முடித்து, முன்பணத்தில் தனக்கொரு பொய்முடியும் வாங்கிவிட்டார். முதல் வலி வந்த அன்று கெசியா வயிற்றைத் தடவி, "உள்ளேயே இரு கண்ணு" என்றாள். பிள்ளை கேட்டுக்கொண்டது.

நீதிபதியின் கால்வீக்கத்துக்காக ஒருமுறை, குதிரைப் பந்தயத்துக்காகப் பலமுறை, வழக்கு தள்ளிப்போனது. கெசியா சிரிப்பதை விட்டாள். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இலையுதிர் காலந்தோறும் வியாபாரி வந்து, எதிரே உட்கார்ந்து, அவள் வயிற்றைக் கண்ணால் அளந்துவிட்டுப் போனான். கர்னல் தலைநகரிலிருந்து ஒரு வைத்தியரை வரவழைத்தார். அவர் வயிற்றில் காதை வைத்ததும் உள்ளிருந்து "யாரு?" என்று குரல் வந்தது. வைத்தியர் வாயு என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

"எப்பதான் பெறப்போற?" என்றார் கர்னல்.

"அதுக்கு இஷ்டமில்ல தொரை."

"என் சொத்துக்கு என்னடி இஷ்டம்?"

"யாரு சொத்துன்னுதானே தொரை கோர்ட்டுல கேட்டிருக்கேன்."

தீர்ப்பு நாளில் ஜூரி நடுவர்கள் வாத்து வறுவல் சாப்பிடப் போனபோது அவளுக்கு வலி கண்டது. உட்கார்ந்தால் பிள்ளை வந்துவிடும் என்று கூண்டின் மரக்கிராதியைப் பிடித்து நின்றாள். நடுவர்கள் திரும்பினார்கள். அவர்களின் தலைவர் நல்ல தறிகாரர்தான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டத்தில் பேசுகிறார். கடவுளில் தொடங்கி, கவர்னரைத் தொட்டு, தன் மாமனார் வரை வந்துகொண்டிருந்தார். கூடவே வந்திருந்த சூக்கி சால்வையை விரித்துக் கீழே குனிந்தாள்.

"தல தெரியுதுடி."

கர்னலின் வக்கீல் துள்ளி எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, தலை தீர்ப்புக்கு முந்தியது. உடம்பு எப்படியோ போகட்டும், தலை என் கட்சிக்காரருடையது."

நீதிபதி இது நுட்பமான விஷயம் என்று மோவாயைத் தடவினார். அதற்குள் பிள்ளை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. சூக்கி நிமிர்ந்து, "போயிருச்சுங்க" என்றாள். தலை எதுவும் காணப்படவில்லை என்று நீதிபதி பதியச் சொன்னார். தறிகாரர் மாமனாரை முடித்துவிட்டு, கெசியா சுதந்திரமானவள் என்றார். முத்திரை விழாத தீர்ப்பு தீர்ப்பே அல்ல என்றார் வக்கீல். எழுத்தர் மெழுகைத் தேடினார். மேசைக்கடியில் தேடினார், எழுந்து கோட்டிலும் தேடினார். கெசியா கிராதியைக் கடித்தாள். மரத்தில் பல் பதிந்தது. வாசலில் காத்திருந்த வியாபாரி இரண்டடி உள்ளே வந்து நின்றான். கடைசியில் மெழுகு உருகி, முத்திரை அழுந்தியது.

சால்வைக்கடியிலிருந்து, "வெச்சாச்சா?" என்றது குரல்.

"வெச்சாச்சு" என்றார் நீதிபதி, தன்னையறியாமல்.

நீண்ட முடியும் முழு வரிசைப் பற்களுமாக ஒரு பெண்பிள்ளை வந்து, எழுந்து நின்று, சூக்கியின் சால்வையை வாங்கிச் சுற்றிக்கொண்டது. வியாபாரி வழிவிட்டான். வயிறு திடீரென்று லேசாகிப்போனதால் கெசியாவுக்கு நடை தள்ளாடியது. மகள் தோளைப் பிடித்துப் படியிறங்கினாள். அடுத்த வழக்கு பன்றி மேய்ந்த வேலித் தகராறு. எழுத்தர் பெயர்களைக் கூப்பிட்டார்.