நம்பகமான மெமறி கார்ட்

மூன்றாவது கார்ட்டையும் விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்த்தாள் யோசெப்பின். பின்பக்கத்துப் பித்தளைக் கோடுகளை நகத்தால் தடவினாள். இதில் எழுத்துகள் கொஞ்சம் கோணலாக இருப்பதுபோல் பட்டது. முதல் இரண்டிலும் எழுத்துகள் நேராக இருந்தன. இவ்வளவு நேராக அச்சடித்து யாரை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று அவற்றின்மேலும் சந்தேகம் வந்தது.

"அக்கா, நக வாங்குற மாதிரி பாக்குறீங்களே," என்றான் ஷிப்லி. புறக்கோட்டையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் நிறைந்துவிடும் கமராக் கடை அவனுடையது.

"நகையெண்டால் உரசிப் பாக்கலாம், தம்பி. இதை எங்க உரசுறது?"

யோசெப்பினின் சுபாவம் அது. மீன்காரனிடம் செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமுக்கிப் பார்த்து, வாலை வளைத்தும் பார்த்துவிட்டு "இண்டையான் மீன்தானே?" என்று கேட்பவள். வேலை பார்க்கும் கப்பல் கந்தோரில் மற்றவர்களின் கணக்கைச் சரிபார்த்துச் சரிபார்த்து வந்த குணம் என்று அப்பா யேசுரட்ணம் பகிடி பண்ணுவார். இப்போது பகிடி பண்ண அவருக்கு வாய் இல்லை. பாரிசவாதம் அடித்த நாளிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பாதரும் வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார்.

உயிரோடு இருக்கிற தகப்பனின் செத்தவீட்டுக்குச் சாமான் வாங்க வந்திருக்கிறோம் என்ற நினைப்பு அவளை முள்ளாய்க் குத்தியது. ஆனால் தம்பி யூஜின் பாரிஸிலிருந்து ஃபோனில் அழுதிருந்தான். அவனுடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. வந்து இறங்கினால் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டுவானா என்பதும் நிச்சயமில்லை. "அக்கா, எனக்கு அப்பான்ர முகம் வேணும். ஒண்டும் விடாமல் எடு. பெட்டி மூடுமட்டும் எடு," என்றான். கமராவை அவன்தான் போன நத்தார்ப் பண்டிகைக்கு இங்கே வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தான். அதோடு வந்த கார்ட் பத்துப் படத்துக்கு மேல் தாங்காது.

நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும். நடைபாதையில் வாங்கித்தான் பெரியம்மாவின் மகள் றோஸி தன் பிள்ளை கோயிலில் முதல் நன்மை வாங்கிய படங்கள் அத்தனையையும் தொலைத்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது பாதிக்கு மேல் வெறும் சாம்பல் நிறம். முதல் நன்மைக்காவது பிள்ளைக்குத் திரும்பவும் வெள்ளைச் சட்டை போட்டு நிறுத்திப் படம் எடுத்தார்கள். அப்பாவைத் திரும்ப எப்படிப் படுத்துவது?

"கள்ளக் கார்ட்ட கண்டுபிடிக்க ஒரே வழிதான் ஈக்கி," என்றான் ஷிப்லி. "ரெண்டு ஜீபீ எண்டு வெளியில எழுதி ஈக்கும். கமராவும் அத நம்பிரும். உள்ளுக்கு ஈக்கிறது பாதிதான். பாதி நிறஞ்ச பொறகு எடுக்குறதெல்லாம் காத்தோட போகும். நீங்க என்ன செய்யணும்? வீடியோவ ஓட விட்டு, நிறஞ்சி தானா நிக்குமட்டும் வைங்க. பொறகு தொடக்கத்தயும் முடிவயும் ஓட்டிப் பாருங்க. ரெண்டும் உடையாம ஓடினா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம். எல்லாத்தயும் அழிச்சிட்டுப் பாவிங்க."

"நிறையாட்டி?"

"கொண்டு வந்து என்ட மூஞ்சில எறிங்க."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. கோணல் எழுத்துக் கார்ட்டையே எடுத்தாள். கமராவில் போட்டு, கடை வாசலில் நின்று தெருவை ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். பஸ், மூட்டை தூக்கும் நாட்டாமைகள், வாழைக்குலை வண்டி எல்லாம் பளிச்சென்று விழுந்தன.

அந்த ஒரு படம் வினையானது. கொச்சிக்கடைச் சோதனைச்சாவடியில் அவளை ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். சமாதானம் முறிந்து, சந்திக்குச் சந்தி மணல்மூட்டை ஏறியிருந்த காலம். துறைமுகப் பக்கம் கமராவோடு போகும் தமிழ்ப் பெண்ணை யார் சும்மா விடுவார்கள்? ஆமிக்காரன் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். கமராவைப் போட்டுக் காட்டச் சொன்னான். தெருப் படத்தைப் பெரிதாக்கி, பஸ்ஸுக்குப் பின்னால் தெரிந்த காவல்கூட்டைச் சுட்டினான்.

"மே மொக்கட்டத?" எதற்கு இது என்று கேட்டான்.

"தாத்தா அசனீப, சேர்," என்றாள். அப்பாவுக்குச் சுகமில்லை.

சுகமில்லாத தகப்பனுக்கும் காவல்கூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் முகம் கேட்டது. நியாயமான கேள்விதான்; அவளாக இருந்தாலும் கேட்டிருப்பாள். "மக்கன்ன," என்றான். அவன் பார்த்துக்கொண்டிருக்கவே அவள் படத்தை அழித்தாள். அழிப்பதற்கு மூன்று தரம் பொத்தானை அமர்த்தினால் போதும் என்று அவளுடைய விரலுக்குப் பழகியது அங்கேதான்.

கொட்டாஞ்சேனையில், மாடி வீட்டில், அப்பாவின் கட்டிலருகே மெற்றில்டா மாமி செபமாலையோடு இருந்தார். அப்பாவின் தங்கை. காது வரவர மந்தமாகி, இப்போது பக்கத்தில் நின்று கத்தினால்தான் கொஞ்சம் விழும்.

"மருந்துக்கெண்டு போனாய். மருந்துக்கடை கீழதானே கிடக்கு?" என்றார் மாமி, அவளுடைய பையைப் பார்த்துக்கொண்டு.

"அங்க இல்லை, மாமி," என்று யோசெப்பின் சத்தமாகப் பொய் சொன்னாள்.

மாமி முகங்கழுவப் போன நேரத்தில் கமராவை அலுமாரிக்கு மேல், திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். குசினியில் புகை. முன்னறைக்கு யாராவது வந்து போவார்கள். இங்கேதான் ஒருவர் கையும் படாது. கமராவின் கண் கட்டிலைப் பார்த்தது. எதைப் பார்த்தால் என்ன, நிறைந்தால் சரி. வீடியோவை ஓட விட்டுவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள். குக்கர் கத்தியது. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸியைப் போட்டார்கள். நடுவில் ஒருதரம் மாமி கூப்பிட்டதுபோல் இருந்தது. மாமி எப்போதும்தான் கூப்பிடுவார். செபமாலை விழுந்தால்கூட ஆள் தேடுவார். அடுப்பை விட்டு அவள் அசையவில்லை.

போய்ப் பார்த்தபோது கமரா தானாக நின்றிருந்தது. மாமியின் முதுகுக்குப் பின்னால் எட்டி அதை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்து, அப்பாவுக்குக் கேட்டுவிடும் என்று சத்தத்தைக் குறைத்து, தொடக்கத்தை ஓட்டினாள். அவளுடைய கை விலகியது. மின்விசிறி, கட்டில், திரும்பி வந்து உட்காரும் மாமியின் முதுகு. முடிவுக்கு ஓடவிட்டாள். தலையணையில் அப்பாவின் முகம். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. போர்வைமேல் ஒரு கை கொஞ்சம் எழும்பியது. யோசெப்பின் பார்த்தது படம் உடைகிறதா, கோடு விழுகிறதா, நிறம் சாம்பலாகிறதா என்பதைத்தான். ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு வாய் காய்ந்துவிட்டது, தண்ணீர் நனைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

நல்ல கார்ட். அன்றைக்கு முதன்முறையாக ஒருவன் அவளை ஏமாற்றவில்லை. எல்லாவற்றையும் அழிக்கவா என்று கமரா கேட்டது. பொத்தானை மூன்று தரம் அமர்த்தினாள்.

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போனபோது அப்பா கண்ணை மூடியிருந்தார். பஞ்சை உதட்டில் வைத்தாள், உறிஞ்சவில்லை. பின்னேரம் கோயில் மணி அடித்து ஓய்ந்த கையோடு மூச்சும் ஓய்ந்தது. மாமி அண்ணனின் கையைப் பிடித்தபடி இருந்தார். யோசெப்பின் கண்ணாடித் துண்டை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். கண்ணாடி மங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மறுநாள் மலர்ச்சாலைக்காரர்கள் பிரேதத்தைப் பதம்பண்ணி, உடுப்பாட்டி, அப்பாவைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். கோட் சரியாக அப்பாவுடையதுதானா என்று அவள் உட்புறத்துத் தையலைப் பார்த்தாள். பிறகு கமராவை எடுத்தாள். முகம் நேராக, முகம் பக்கவாட்டில், கோத்துவைத்த கைகள், விரலில் சுற்றிய செபமாலை, மெழுகுதிரிகள், மாலைகள், மாலைகளில் எழுதியிருந்த பெயர்கள். ஒவ்வொன்றும் விழுந்ததா என்று அந்தந்த இடத்திலேயே ஓட்டிப் பார்த்தாள். மலர்ச்சாலைக்காரர்கள் வழக்கம்போல் பெட்டியின் தலைமாட்டைத் தூக்கிச் சாய்த்துப் பிடிக்க, சொந்தக்காரர் சுற்றி நின்றார்கள். மாமி அண்ணனின் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, கமராவைத் தாங்கோ. நான் எடுக்கிறன், நீங்க போய் நில்லுங்கோ," என்றாள் றோஸி.

றோஸியிடமா? முதல் நன்மையைத் தொலைத்தவளிடமா? "வேண்டாம், நில்லு," என்றாள் யோசெப்பின். அதனால் அப்பாவின் கடைசிப் படங்கள் ஒன்றிலும் அவள் இல்லை.

தெருவில் எடுக்க விடமாட்டார்கள் என்று தெரிந்து கமராவைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு ஊர்வலத்தில் போனாள். சேமக்காலையில் குழியடியில் நின்று மறுபடி எடுத்தாள். பெட்டி மூடும்வரை, பிறகு கயிறு இறங்கும்வரை, பிறகு மண் மூடும்வரை. தம்பி கேட்டதில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. திரும்பி வரும்போது அந்தக் களைப்பிலும் மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்தது.

வீடு கழுவி, வாடகைக் கதிரைகளைக் கட்டி அனுப்பி, வந்தவர்களும் போனபின் பாரிஸிலிருந்து யூஜின் ஃபோன் எடுத்தான்.

"எல்லாம் வந்திட்டுதோ, அக்கா?"

"எல்லாம் வந்திட்டுது. ஒண்டும் பழுதாகேல்லை. நாளைக்கே சீடி அடிச்சு அனுப்பிறன்."

பாரிஸில் ஏதோ ரயில் போகும் சத்தம் கேட்டது. பிறகு, "கடைசியா ஏதும் சொன்னவரோ?" என்றான்.

"அவருக்குத்தானே பேச்சு நிண்டு போச்சு, தம்பி."

யாருடைய ஃபோன் என்று மாமிக்கு விளங்கியிருக்க வேண்டும். கதிரையில் இருந்தபடியே, "அண்ணை கதைச்சவர் எண்டு அவனுக்குச் சொல்லு!" என்று கத்தினார்.

யோசெப்பின் திரும்பிப் பார்த்தாள். செத்தவீட்டுக்குப் பிறகு இப்படிக் கதைகள் முளைப்பது புதிதல்ல. கனவில் வந்தார், கையை அமத்தினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு மாமியின் காதருகே போனாள்.

"எப்ப கதைச்சவர்?"

"நேற்று. நீ கஞ்சி வைக்கேக்க. என்னைப் பாத்து, ரெண்டு மூண்டு தரம் சொன்னவர். கையையும் தூக்கினவர். எனக்கு இந்தச் சனியன் பிடிச்ச காது கேக்கேல்லை. உன்னைக் கூப்பிட்டனான். நீ வரேல்லை."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ நம்புவியோ?" என்றார் மாமி.

கையையும் தூக்கினவர். தலையணையும் அப்பாவின் முகமும் அசைந்த உதடுகளும் போர்வைமேல் எழும்பிய கையும் யோசெப்பினின் கண்ணுக்குள் வந்து நின்றன. குசினியில் வைத்து அவள் இதைப் பார்த்திருந்தாள். உள்ளங்கை அகலத் திரையில், ஒரு கோடுகூட விழாமல், தெளிவாகப் பார்த்திருந்தாள். அப்பா கதைத்திருக்கிறார். கமரா கேட்டிருக்கிறது. சத்தத்தைக் குறைத்தது அவளுடைய விரல். அழித்ததும் அதே விரல்.

ஒரு கையில் ரிசீவரோடு மறு கையால் கமராவை இழுத்தெடுத்துப் போட்டுப் பார்த்தாள். படங்கள் பெட்டியில் தொடங்கி மண்ணில் முடிந்தன. நடுவில் ஒரு இடைவெளி இல்லை. அப்பாவின் குரல் கிடந்த இடமெல்லாம் மாலைகளும் மெழுகுதிரிகளும் மூடிய கண்களும் ஏறி உட்கார்ந்திருந்தன. அந்தக் கார்ட் கள்ளக் கார்ட்டாக இருந்திருக்கக் கூடாதா என்று ஆத்திரம் வந்தது. அப்படியென்றால் ஷிப்லியின் முகத்தில் போய் எறிந்திருக்கலாம். இப்போது யாருடைய முகத்தில் எறிவது?

"அக்கா? என்ன, லைன் நிக்குதோ?" ரிசீவருக்குள்ளிருந்து யூஜின் கேட்டான். "மாமி என்ன சொல்றா? அப்பா கதைச்சவரோ? உண்மையாவோ?"

யோசெப்பின் ரிசீவரை மாமியின் மடியில் போட்டாள். மாமியின் கதிரைக்கு முன்னால் ஈரத் தரையில் முழங்காலில் இருந்தாள்.

"மாமி, அவற்ற வாய் எப்படி அசைஞ்சது?"

"என்ன?"

"வாய். அவற்ற வாய். செய்து காட்டுங்கோ."

மாமி சந்தேகத்தோடு அவளைப் பார்த்தார். பகிடி இல்லை என்று கண்டதும் செபமாலையை மடியில் வைத்தார். பல்லில்லாத உதடுகளை மெல்லக் குவித்தார், கொஞ்சம் விரித்தார், பிறகு மூடினார்.

"திரும்ப, மாமி."

மாமி திரும்பச் செய்தார். யோசெப்பின் முகத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். மடியில் கிடந்த ரிசீவரில் தம்பி அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமியின் உதடுகள் குவிந்து விரிந்து மூட, அவளுடைய உதடுகளும் சத்தமில்லாமல் அவற்றின் பின்னால் போயின.