துருவின் மேல் பச்சை

வாசற்படிக் கைப்பிடி உடைந்து என் வீட்டுக்காரர் விழுந்த அன்று நான் அழவில்லை. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், ஆட்டோ வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாரோ செய்கிற மாதிரி எல்லாவற்றையும் நானே செய்தேன். ஆபரேஷன் முடிந்ததும் அபிராமத்தில் மகள் கலைச்செல்வி வீட்டில் அவரை விட்டுவிட்டு, மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று நான் மட்டும் சாயல்குடிக்குத் திரும்பினேன். இரண்டு மாதம் ஆகிவிட்டது. அப்போதும் அழுகை வரவில்லை.

மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று வீட்டை உயர்த்திக் கட்டியதால் வாசலில் ஆறு படி. படியோரம் இரும்புக் குழாயில் கைப்பிடி. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அதற்கு நான்தான் பச்சை பெயிண்ட் அடிப்பேன். "துருவச் சுரண்டிட்டு அடி புள்ள" என்பார் அவர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அரை நாள் போய்விடும். பொங்கல் வேலையில் எனக்கு ஏது அரை நாள்? துருவின் மேலேயே அடித்துவிடுவேன். பார்க்கப் பளபளவென்று இருக்கும். போன பொங்கலுக்கு, "அடியில ஆடுது, வெல்டரக் கூப்பிடுவோம்" என்றார். "ஒங்களுக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்" என்று வாயை அடைத்துவிட்டேன். வாய்க்கு மட்டும் என்னிடம் பஞ்சமே கிடையாது.

"லுங்கி தடுக்கி விழுந்துட்டேன், அந்த வெயிட்டுல கம்பி ஒடஞ்சிருச்சு." மகளிடம் அப்படித்தான் சொன்னார். டாக்டரிடமும் அதையேதான் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்று அவர் கட்டியிருந்தது வேட்டி, அதுவும் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். கம்பியைப் பிடித்தார், அது கையோடு வந்துவிட்டது. வாசலில் நின்று பார்த்தவள் நான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மார்கழியில் கலைச்செல்வி போன் செய்தாள். "அய்யாவ நாளைக்குக் கூட்டிட்டு வாரேன். படி ஏற முடியலன்னா திருப்பிக் கூட்டிட்டு வந்துருவேன். இனிமே எங்கூடவே இருக்கட்டும்." சரி என்றேன்.

மாரியூரிலிருந்து வெல்டர் இமானுவேலை வரவழைத்தேன். பழைய குழாயின் அடிக்கட்டையை அறுத்து எடுத்தவன் என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, இங்கன பாருங்க. உள்ள இரும்பே இல்ல. பெயிண்டுதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கு."

கையில் வாங்கினேன். அழுத்தியதும் அப்பளமாக நொறுங்கியது. பச்சை மட்டும் தோலாக விரலில் ஒட்டியது. ஓரத்தில் மடிப்பு மடிப்பாக ஏழு பச்சை. ஏழு பொங்கல். என் கைவேலைதான். மனது ஒன்றும் சொல்லவில்லை, மரத்துப்போன கால் மாதிரி கிடந்தது.

புதுக் குழாயை ஊன்றி, அடித்தகட்டில் போல்ட் முறுக்கி, இழுத்துப் பார்த்துவிட்டு, "என்ன கலருக்கா?" என்றான்.

"ஒண்ணும் வேண்டாம்."

"பொங்கல் வருதுல்ல, மொட்டையா நிக்குமே?"

"நிக்கட்டும்."

மறுநாள் காலையில் கார் வந்தது. அவர் பாதியாக இளைத்திருந்தார். வாக்கரை ஊன்றிப் படிவரை வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கம்பியைப் பார்த்தார். கை நீண்டது, பிறகு மடங்கிக்கொண்டது.

"பிடிங்கய்யா, புதுக் கம்பி" என்றாள் மகள். அவர் அசையவில்லை. "முடியலன்னா போயிருவோம்யா. கார் நிக்கிது."

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கலை, லுங்கி தடுக்கல" என்றேன். "கம்பிதான் அத்துப்போச்சு. துருவச் சுரண்டாம நான்தான் வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சு மறைச்சேன். ஒங்கய்யா படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நான் கேக்கல." அவரைப் பார்த்துச் சொன்னேன்: "இதுல பெயிண்டே அடிக்கலங்க. உள்ளது உள்ளபடி இருக்கு."

கலைச்செல்வி என்னையே பார்த்தாள். அவர் குனிந்து குழாயை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இறுக்கிப் பிடித்தார். முதல் படியில் கால் வைத்தார்.

"அவ கெடக்கா. லுங்கிதான் தடுக்குச்சு ஆத்தா" என்றார் மகளிடம்.

ஆறு படியும் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, "ஏ புள்ள, தண்ணி கொண்டா" என்றார்.

அடுப்படிக்குப் போய்ச் சொம்பை எடுத்தேன். இரண்டு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. வெளியே அவர் தண்ணீர் கேட்டு மறுபடியும் கூப்பிட்டார்.